சர்வர்களுக்கான பூட் கோப்புகளை இறக்குமதி செய்தல்: முழுமையான வழிகாட்டி

ஒரு நள்ளிரவில் பன்னிரண்டு சர்வர்களுக்கு நெட்வொர்க் வழியாக லினக்ஸ் நிறுவ வேண்டியிருந்தது. மெனு வந்தது, இயங்குதளத்தின் மையமான கர்னல் ஏறியது, திரையில் எழுத்துகள் ஓடின. பிறகு பன்னிரண்டும் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. நிறுவி நிரல் விழித்திருந்தது; ஆனால் அதற்கு நெட்வொர்க் அட்டையே தெரியவில்லை. கேபிளையும் சுவிட்சையும் சோதித்து இரண்டு மணி நேரம் போனது. காரணம் நாங்கள் தேடாத இடத்தில் இருந்தது. முந்தைய வாரம் யாரோ கர்னல் கோப்பை மட்டும் புதிய வெளியீட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். அதனுடன் வர வேண்டிய இனிட்ஆர்டி கோப்பு (தொடக்கத்தில் கர்னலுக்குத் தேவைப்படும் டிரைவர்களும் சிறு நிரல்களும் அடங்கிய தொகுப்பு) பழையதாகவே இருந்தது. பழைய இனிட்ஆர்டிக்குள் இருந்த டிரைவர்களைப் புதிய கர்னல் ஏற்க மறுத்துவிட்டது.

அன்றிலிருந்து பூட் கோப்புகளைத் தனித்தனிக் கோப்புகளாக நான் பார்ப்பதில்லை. பூட் ஏற்றி (கர்னலை எடுத்து ஓட்டிவிடும் சிறு நிரல்), கர்னல், இனிட்ஆர்டி, நிறுவல் தொகுப்புகள் ஆகிய நான்கும் ஒரே ஏரில் பூட்டிய மாடுகள். ஒரே வெளியீட்டிலிருந்து சேர்ந்து வர வேண்டும், சேர்ந்தே இருக்க வேண்டும், நீக்கும்போதும் சேர்ந்தே போக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காகவே.

எடுத்துக்காட்டுக்கு ராக்கி லினக்ஸ் 9ஐ எடுத்துக்கொள்கிறேன். ரெட் ஹேட், அல்மா ஆகியவற்றுக்கும் ஏறத்தாழ இதே முறைதான். உபுண்டுவும் விண்டோஸும் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

சர்வர் என்ன கேட்கிறது?

சர்வரை இயக்கி நெட்வொர்க் பூட்டைத் தேர்ந்தால், நெட்வொர்க் வழியாக எழுவதற்கென்று சர்வரிலேயே உள்ள பிஎக்ஸ்இ நிரல் வேலையைத் தொடங்குகிறது. இன்டெல் 1999இல் வெளியிட்ட 2.1 பதிப்பின் வரையறைதான் இதற்கு அடிப்படை. முதலில் அது டிஎச்சிபி (கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி தரும் சேவை) வழியாக முகவரி கேட்கிறது. பதிலில் முகவரியோடு இரண்டு செய்திகள் வர வேண்டும்: எந்தச் சர்வரிடம் போய்க் கேட்பது, எந்தக் கோப்பைக் கேட்பது. டிஎச்சிபியின் 66ஆம், 67ஆம் விருப்பங்கள் இவற்றுக்கு உரியவை. அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக எடுத்து நினைவகத்தில் ஏற்றி ஓட்டுகிறது. அதுதான் பூட் ஏற்றி. பூட் ஏற்றி தன் அமைப்புக் கோப்பைப் படித்து மெனு காட்டுகிறது. கர்னலையும் இனிட்ஆர்டியையும் எடுக்கிறது. கர்னல் ஓடத் தொடங்கியதும் இனிட்ஆர்டிக்குள் இருக்கும் சிறு அமைப்பு நெட்வொர்க்கை மறுபடியும் எழுப்பி, நிறுவியின் மீதிப் பகுதியை எச்டிடிபி வழியாகக் கொண்டுவருகிறது.

ஆக, ஒரே நிறுவலில் நெட்வொர்க்கை மூன்று நிரல்கள் அடுத்தடுத்துப் பயன்படுத்துகின்றன: முதலில் ஃபர்ம்வேர் (சர்வரின் வன்பொருளில் பதிந்துள்ள நிரல்), பிறகு பூட் ஏற்றி, பிறகு கர்னல். முதல் இரண்டு கட்டங்கள் வேலை செய்வதால் மூன்றாவதும் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நான் மேலே சொன்ன இரவில் நடந்தது அதுதான்.

படி 1: மூலத்தைச் சரிபார்த்தல்

முழு டிவிடி ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டு முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) பதிவிறக்குங்கள். அதனுடன் வெளியிடப்படும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை உங்கள் கோப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள். சரிபார்ப்புக் கோப்புக்கு மின்கையொப்பம் இருந்தால் அதையும் சோதியுங்கள். இந்த ஒரு கோப்பிலிருந்து நூறு சர்வர்கள் பிறக்கப் போகின்றன. இங்கே ஐந்து நிமிடம் செலவிடத் தயங்க வேண்டாம்.

படி 2: கோப்புறைகளை வகுத்தல்

டிஎஃப்டிபி வேர்க் கோப்புறைக்குள் எல்லாவற்றையும் கொட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதன் பதிப்பு எண்ணோடு ஒரு கோப்புறை இருக்கட்டும். ராக்கி-9.4 என்று ஒன்று, ராக்கி-9.5 என்று இன்னொன்று. டிஎஃப்டிபி பக்கமும் எச்டிடிபி பக்கமும் ஒரே பெயர். ‘புதியது’, ‘தற்போதையது’ போன்ற பெயர்களை நான் அனுமதிப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பெயர் என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு உரைக் கோப்பை வையுங்கள். எந்த ஐஎஸ்ஓ, அதன் எஸ்எச்ஏ-256 எண், இறக்குமதி செய்த நாள், செய்தவர் ஆகிய நான்கு வரிகள் போதும். ஏற்கெனவே இருக்கும் கோப்புறைக்குள் புதிய கோப்பை மேலெழுதக் கூடாது என்பதையும் குழுவின் விதியாக்குங்கள்.

படி 3: கர்னலும் இனிட்ஆர்டியும்

ஐஎஸ்ஓவைப் படிக்க மட்டும் என்ற நிலையில் மவுன்ட் செய்யுங்கள். இமேஜஸ் என்ற கோப்புறைக்குள் பிஎக்ஸ்இபூட் என்று ஒரு கோப்புறை இருக்கும். அங்கே உள்ள விஎம்லினஸ் என்பதுதான் கர்னல், இனிட்ஆர்டி.ஐஎம்ஜி அதன் துணை. இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்தே பிரதி எடுங்கள். பிரதி எடுத்த பின் மூலத்தின் சரிபார்ப்பு எண்ணையும் பிரதியின் எண்ணையும் ஒப்பிடுங்கள். வட்டு நிரம்பிப் பாதியில் நின்ற இனிட்ஆர்டி, பெயரளவில் முழுக் கோப்பைப் போலவே பட்டியலில் தெரியும். ஆனால் கர்னல் அதைப் பிரிக்க முடியாமல் பீதிச் செய்தியோடு நின்றுவிடும்.

படி 4: பூட் ஏற்றி

சிக்கல்கள் மிகுந்த படி இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் சர்வர்களின் ஃபர்ம்வேர் பழைய பயாஸ் முறையில் எழுகிறதா, யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் பூட் ஏற்றி வேறு. பயாஸ் முறைக்கு சிஸ்லினக்ஸ் தொகுப்பிலுள்ள பிஎக்ஸ்இலினக்ஸ்.0 வேண்டும். சிஸ்லினக்ஸ் 5 முதல் அதனுடன் எல்டிலினக்ஸ்.சி32 என்ற கோப்பும் கட்டாயம். அது இல்லாவிட்டால் மெனு வருவதற்கு முன்பே எல்லாம் நின்றுவிடும். இந்த இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். மெனு காட்டும் மற்ற சி32 கோப்புகளுக்கும் இதே நிபந்தனைதான்.

யுஇஎஃப்ஐ முறையில் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே ஓட விடும் காப்பு) இயங்கினால் ஒரு சங்கிலி வேலை செய்கிறது. ஃபர்ம்வேர் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலை நம்புகிறது. ஷிம், லினக்ஸ் வெளியீட்டாளர் கையொப்பமிட்ட கிரப் என்ற பூட் ஏற்றியை நம்புகிறது. கிரப்பின் வழியாக ஏறும் கர்னலும் அதே வெளியீட்டாளரின் கையொப்பத்தைத் தாங்கியிருக்க வேண்டும். ராக்கியின் ஷிம்மோடு உபுண்டுவின் கிரப்பை இணைத்தால் சங்கிலி அறுந்துவிடும். கையொப்பம் செல்லாது என்ற செய்தியோடு சர்வர் நிற்கும். அப்போது செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். சரியான ஜோடியை வைத்தாலே தீர்ந்துவிடும் சிக்கல் இது.

ராக்கிக்கு ஐஎஸ்ஓவின் ஈஎஃப்ஐ கோப்புறைக்குள் உள்ள பூட் கோப்புறையைப் பாருங்கள். பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற பெயரில் இருப்பதுதான் ஷிம். அதனருகே கிரப்எக்ஸ்64.ஈஎஃப்ஐ இருக்கும். இரண்டையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். ஷிம் ஏறியதும், தான் வந்த அதே கோப்புறையில்தான் கிரப்பைத் தேடும். நீங்கள் கிரப்பின் பெயரை மாற்றியிருந்தாலும் வேறு இடத்தில் வைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. ராக்கியின் கிரப் தன் அமைப்புக் கோப்பான கிரப்.சிஎஃப்ஜியையும் தான் ஏறிய கோப்புறையிலேயே தேடும்.

இங்கே ஒரு மறைந்த முள் உண்டு. ஈஎஃப்ஐ கோப்புகளை ஷிம், கிரப் தொகுப்புகளிலிருந்து பிரித்தெடுத்தால் ரூட் பயனருக்கு மட்டுமே படிக்கும் உரிமை இருக்கும்படி அவை வரக்கூடும். டிஎஃப்டிபி நிரல் அதைப் படிக்க முடியாமல் அனுமதி இல்லை என்றோ கோப்பு இல்லை என்றோ சொல்லும். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்று அனுமதியை அமைத்துவிடுங்கள். எஸ்இலினக்ஸ் (ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளம் இட்டு அணுகலைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பு) இயங்கும் சர்வரில், வேறு இடத்திலிருந்து நகர்த்திய கோப்பு தன் பழைய அடையாளத்தைச் சுமந்துகொண்டே வரும். ரெஸ்டோர்கான் கட்டளையால் அதைச் சரிசெய்யுங்கள். எஸ்இலினக்ஸை அணைக்க வேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை.

பழைய பூட் ஏற்றிகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2020இல் கிரப்பில் பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. அதன் பிறகு குறையுள்ள பழைய பூட் ஏற்றிகளைத் தள்ளிவைக்கும் பட்டியல்கள் ஃபர்ம்வேர்களுக்கு வந்து சேர்ந்தன. நேற்றுவரை ஏறிய ஷிம், ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பின் மறுக்கப்படலாம். பூட் ஏற்றியையும் வெளியீட்டோடு சேர்த்தே புதுப்பிக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

படி 5: நிறுவல் தொகுப்புகள்

ஐஎஸ்ஓவின் உள்ளடக்கம் முழுவதையும் எச்டிடிபி சர்வரில் அதே பதிப்புப் பெயருள்ள கோப்புறைக்குப் பிரதி எடுங்கள். நட்சத்திரக் குறியைப் போட்டுப் பிரதி எடுத்தால் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகள் விடுபட்டுவிடும். ராக்கிக்கு .ட்ரீஇன்ஃபோ என்ற மறைந்த கோப்பு உயிர்நாடி. நிறுவியின் இரண்டாம் கட்டம் எங்கே இருக்கிறது என்பதை அதைப் படித்துத்தான் நிறுவி அறிகிறது. அது இல்லாவிட்டால் எல்லாக் கோப்புகளும் கண்முன்னே இருந்தும் மூலம் கிடைக்கவில்லை என்றே நிறுவி சொல்லும். ஆகவே கோப்புறையை முழுதாகப் பிரதி எடுங்கள்.

பெரிய கோப்புகளை ஏன் டிஎஃப்டிபியில் வைக்கக் கூடாது என்று கேட்கலாம். டிஎஃப்டிபி ஒரு துண்டை அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். இயல்பான துண்டின் அளவு 512 பைட். 100 எம்பி கோப்பு என்றால் 2,04,800 துண்டுகள். போய்வர ஒரு மில்லி நொடி என்றாலும் மூன்றரை நிமிடம் ஆகும். துண்டின் அளவை 1468 பைட்டாக உயர்த்த இரு பக்கமும் ஒத்துக்கொண்டால் அது சுமார் 70 நொடியாகக் குறையும். 1500 பைட் ஈதர்நெட் பொட்டலத்தில் தலைப்புகள் போக மிஞ்சுவது அந்த 1468தான். இதைவிட நல்ல வழி, சிறிய பூட் ஏற்றியை மட்டும் டிஎஃப்டிபியில் விட்டு, கர்னலையும் இனிட்ஆர்டியையும் எச்டிடிபி வழியாக எடுக்கும்படி கிரப்பைப் பணிப்பது. பல சர்வர்களை ஒரே நேரத்தில் எழுப்பும்போது இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

படி 6: டிஎச்சிபி பதில்கள்

பயாஸ் சர்வருக்கு ஒரு கோப்பு, யுஇஎஃப்ஐ சர்வருக்கு இன்னொரு கோப்பு என்று பிரித்துத் தர வேண்டும். ஒவ்வொரு சர்வரும் டிஎச்சிபி கேள்வியிலேயே 93ஆம் விருப்பத்தில் தன் கட்டமைப்பைச் சொல்கிறது. 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் எக்ஸ்86 யுஇஎஃப்ஐ, 11 என்றால் 64 பிட் ஆர்ம் யுஇஎஃப்ஐ. 67ஆம் விருப்பத்தில் ஒரே கோப்புப் பெயரை எல்லோருக்கும் தருவதைத் தவிர்த்து, இந்த எண்ணைப் பார்த்துப் பதில் தரும்படி அமையுங்கள். டிஎன்எஸ்மாஸ்க், ஐஎஸ்சி டிஎச்சிபி, கியா ஆகிய மூன்று டிஎச்சிபி நிரல்களிலும் இது முடியும்.

டிஎச்சிபி சர்வர் வேறொரு குழுவின் பொறுப்பில் இருந்து, அதைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறையில் ஓட்டலாம். முகவரியை அந்தச் சர்வர் தரும். பூட் செய்தியை மட்டும் உங்களுடையது தரும்.

படி 7: மெனு

இந்தப் படியில் கவனக்குறைவு இருந்தால் தரவு போகும். அதனால் மெனுவின் இயல்புத் தேர்வு எப்போதும் உள்ளூர் வட்டிலிருந்து எழுவதாகவே இருக்க வேண்டும். சில நொடிகள் காத்திருந்து யாரும் எதையும் தொடாவிட்டால் சர்வர் தன் வட்டுக்குப் போய்விட வேண்டும். தானியங்கி நிறுவலை இயல்புத் தேர்வாக வைத்த ஓர் இடத்தில், மின்தடைக்குப் பின் எழுந்த தரவுத்தளச் சர்வர் ஒன்று நெட்வொர்க்கை முதலில் பார்த்து, தன்னைத் தானே துடைத்துப் புதிதாக நிறுவிக்கொண்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். காப்புப்பிரதி இருந்ததால் தப்பித்தோம். ஆனால் அந்த நாளை அங்கே இருந்த யாரும் மறந்திருக்க முடியாது.

நிறுவ வேண்டிய சர்வருக்கு மட்டும் அதன் மேக் முகவரியில் (நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் எண்) தனி அமைப்புக் கோப்பு வையுங்கள். பிஎக்ஸ்இலினக்ஸில் கோப்பின் பெயர் 01 என்று தொடங்கி, கோடுகளால் பிரிக்கப்பட்ட மேக் முகவரியாக, சிறிய எழுத்துகளில் இருக்க வேண்டும். ராக்கியின் கிரப்பில் கிரப்.சிஎஃப்ஜி என்ற பெயருக்குப் பின் ஒரு கோடும் அதே 01 வடிவமும் வரும். நிறுவல் முடிந்ததும் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள். கிக்ஸ்டார்ட்டின் (நிறுவியின் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்பு) இறுதிப் பகுதியிலிருந்து ஒரு சிறு அழைப்பை அனுப்பி அதைத் தானாக நீக்கவைக்கலாம். சர்வரின் மேலாண்மைச் சில்லு வழியாக நெட்வொர்க் பூட்டை ஒரே ஒரு முறைக்கு மட்டும் என்று அமைப்பது கூடுதல் காப்பு. அந்தச் சில்லோடு பேசும் ஐபிஎம்ஐ, ரெட்ஃபிஷ் முறைகள் இரண்டிலும் அதற்கு வழி உண்டு.

மெனு பதிவில் கர்னலுக்குத் தர வேண்டிய அளவுருக்கள் சிலவே. நிறுவல் மூலத்தைக் காட்டும் இன்ஸ்ட்.ரெப்போ, கிக்ஸ்டார்ட் கோப்பைக் காட்டும் இன்ஸ்ட்.கேஎஸ், நெட்வொர்க்குக்கு ஐபி=டிஎச்சிபி. இந்த முகவரிகளிலும் கர்னல் பாதையிலும் ஒரே பதிப்பு எண் இருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பாருங்கள். தூரத்திலிருந்து சீரியல் கன்சோல் வழியாகப் பார்ப்பவர்கள் கன்சோல் அளவுருவையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கர்னல் ஏறியதும் திரை வெறிச்சோடி, எல்லாம் செத்துவிட்டது போலத் தெரியும்.

கிக்ஸ்டார்ட் கோப்பு எச்டிடிபியில் வெளிப்படையாக இருக்கிறது. அதே நெட்வொர்க்கில் உள்ள எவரும் அதைப் படிக்கலாம். டிஎஃப்டிபிக்கு அடையாளச் சோதனை என்பதே கிடையாது. நிறுவலுக்கென்று தனி விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) ஒதுக்குங்கள். நிலையான கடவுச்சொற்களைக் கிக்ஸ்டார்ட்டில் எழுதாதீர்கள்.

படி 8: உண்மையான சர்வரைத் தொடுவதற்கு முன்

அதே நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கணினியிலிருந்து டிஎஃப்டிபி வழியாகப் பூட் ஏற்றியை எடுத்துப் பார்த்து, சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள். பூட் சர்வரிலேயே இதைச் செய்து பார்ப்பதால் பயனில்லை. ஃபயர்வால் அங்கே குறுக்கிடாது. டிஎஃப்டிபி கேள்வி 69ஆம் போர்ட்டுக்கு வந்தாலும் பதில் வேறொரு போர்ட்டிலிருந்து போகும். 69ஐ மட்டும் திறந்துவிட்டு ஏன் வரவில்லை என்று தேடியவர்கள் ஏராளம். பிறகு யுஇஎஃப்ஐ முறையில் ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி முழு நிறுவலையும் ஓட்டிப் பாருங்கள். கடைசியாக, நீங்கள் பயன்படுத்தும் அதே மாதிரியைச் சேர்ந்த ஓர் உண்மைச் சர்வரில் சோதியுங்கள். மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் அட்டைக்கு டிரைவர் இருப்பதால் உங்கள் சர்வரின் அட்டைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

உபுண்டுவில் என்ன வேறு?

கர்னலும் இனிட்ஆர்டியும் ஐஎஸ்ஓவின் காஸ்பர் கோப்புறையில் இருக்கும். நெட்வொர்க் பூட்டுக்கான கிரப் தனியாக வருகிறது. கையொப்பமிட்ட கிரப் தொகுப்பிலிருந்து கிரப்நெட் என்று தொடங்கும் கோப்பை எடுத்து, கிரப்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்று பெயர் மாற்றி ஷிம்மின் அருகே வைக்க வேண்டும். அதன் அமைப்புக் கோப்பு, டிஎஃப்டிபி வேரில் கிரப் என்ற கோப்புறைக்குள் இருக்க வேண்டும்.

சர்வர் பதிப்பு முழு ஐஎஸ்ஓவையும் நினைவகத்தில் இறக்கிக்கொண்டே நிறுவலைத் தொடங்குகிறது. 2 ஜிபி நினைவகம் உள்ள சோதனைக் கணினியில் அது மூச்சுத் திணறி நின்றுவிடும். சோதனைக்கு நான் 8 ஜிபி தருகிறேன். தானியங்கி நிறுவலுக்கு யூசர்-டேட்டா, மெட்டா-டேட்டா என்ற இரண்டு கோப்புகள் வேண்டும். இரண்டாவது வெறுமையாக இருக்கலாம், ஆனால் இல்லாமல் இருக்கக் கூடாது. அவற்றின் முகவரியைத் தரும் அளவுருவில் ஓர் அரைப்புள்ளி வரும். கிரப்புக்கு அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். மேற்கோள் குறிக்குள் அதை அடைக்காவிட்டால் அதன் பிறகு உள்ள எல்லாம் தொலைந்துபோய், நிறுவி அமைதியாக முதல் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

விண்டோஸுக்கு

இங்கே கர்னல், இனிட்ஆர்டி என்ற ஜோடிக்குப் பதிலாக பூட்.விம் என்ற ஒரே கோப்புக்குள் விண்டோஸ் பிஇ என்ற சிறு இயங்குதளம் இருக்கிறது. நிறுவல் வட்டின் சோர்சஸ் கோப்புறையில் அதைக் காணலாம். விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸில் பூட் இமேஜஸ் பகுதியை வலது சொடுக்கி, சேர்ப்பதற்கான கட்டளையைத் தேர்ந்து, இந்தக் கோப்பைக் காட்டினால் இறக்குமதி முடிந்தது.

ஆனால் விண்டோஸ் 11இன் நிறுவல் வட்டிலுள்ள பூட்.விம்மை அப்படியே இந்தச் சேவை வழியாகப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நீங்களே தயாரித்த விண்டோஸ் பிஇ படிமத்தை எழுப்ப இன்னமும் முடியும். அதற்குள் நெட்வொர்க் டிரைவரையும் வட்டுக் கட்டுப்பாட்டி டிரைவரையும் டிஐஎஸ்எம் கருவியால் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். நிறுவல் வட்டின் பூட்.விம்முக்குள் இரண்டு படிமங்கள் உள்ளன: முதலாவது வெறும் பிஇ, இரண்டாவது நிறுவி. ஒன்றில் மட்டும் டிரைவரைச் சேர்த்துவிட்டு மற்றதை எழுப்பினால் டிரைவர் இல்லை என்றே வரும். மாற்றங்களைச் சேமித்து மூடிய பின், படிமத்தைச் சேவையில் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டும். ஏற்கெனவே இறக்குமதியான பிரதிக்கு, வெளியே நீங்கள் செய்த மாற்றம் தெரியாது.

நின்றுவிட்டால் எங்கே தேடுவது?

திரையில் வரும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஎக்ஸ்இ-ஈ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. பூட் சர்வரும் இலக்கும் வெவ்வேறு விஎல்ஏஎன்களில் இருந்தால், டிஎச்சிபி கேள்வியை அங்கிருந்து இங்கே கடத்தும் ரிலே அமைப்பைப் பாருங்கள். சுவிட்ச் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழல் பாதை உருவாகாமல் தடுக்கும் முறை) இயல்பு நிலையில் இருந்தால் போர்ட் திறக்கவே 30 நொடி ஆகலாம். அதற்குள் சர்வர் கேட்டுக் களைத்துவிடும். போர்ட்டை உடனே திறக்கவைக்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைத்தால் தீரும். இரண்டு போர்ட்டுகளை எல்ஏசிபி வழியாக ஒரே இணைப்பாக்கியிருந்தால், இயங்குதளம் இல்லாத நிலையில் இணைப்பு உருவாகாது. சுவிட்சில் அதற்கான தளர்வு அமைப்பு வேண்டும். ஈ53 என்றால் முகவரி வந்தது, கோப்புப் பெயர் வரவில்லை. படி 6ஐப் பாருங்கள். ஈ32 என்றால் டிஎஃப்டிபி பதிலளிக்கவில்லை: ஃபயர்வால், அல்லது சேவை ஓடவில்லை. டி01 என்றால் கோப்பு இல்லை. பெரும்பாலும் பாதையில் ஓர் எழுத்துப்பிழை, அல்லது பெரிய எழுத்து சிறிய எழுத்துக் குழப்பம்.

கர்னல் ஏறிய பிறகு நின்றால் இந்த எண்கள் எதுவும் வராது. அப்போது கர்னலின் பதிப்பையும் இனிட்ஆர்டிக்குள் உள்ள மாட்யூல் (டிரைவர்) கோப்புறையின் பெயரையும் முதலில் ஒப்பிடுங்கள். டெபியன் நிறுவியில் இது இன்னொரு வடிவில் வரும். நெட்பூட் கோப்புகள் பழையதாகி, களஞ்சியத்தில் கர்னல் புதியதாகிவிட்டால், பொருத்தமான கர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று அது வெளிப்படையாகவே சொல்லும். நெட்பூட் தொகுப்பை மறுபடியும் இறக்குமதி செய்வதே அதற்கு மருந்து.

அடுத்த வெளியீடு வரும்போது

புதிய கோப்புறை, புதிய மெனு பதிவு, படி 1இலிருந்து எல்லாம் மறுபடியும். பழையதை உடனே நீக்காதீர்கள். புதியதில் குறைந்தது ஓர் உண்மைச் சர்வராவது முழுதாக எழுந்து, மறுதொடக்கமும் ஆன பிறகு, பழைய பதிவை மெனுவிலிருந்து எடுங்கள். ஒரு மாதம் யாரும் அதைக் கேட்கவில்லை என்று பதிவேட்டில் உறுதியானதும், டிஎஃப்டிபி கோப்புறையையும் எச்டிடிபி கோப்புறையையும் ஒரே நாளில் நீக்கிவிடுங்கள்.